உதவிக் கருவிச் சேவைக்கு எவ்வளவு ஆகும்? விலையை எண்ணிக்கையால் பெருக்கினால் ஏன் கணக்கு வராது

கேள்வி இதுதான்: காதொலிக் கருவி, சக்கர நாற்காலி, செயற்கைக் கால், மூக்குக்கண்ணாடி ஆகியவற்றை நாடு முழுவதும் அரசே தரும் சேவை ஒன்றைத் திட்டமிடுகிறார்கள். நிதித்துறை ஒரு தொகை கேட்கிறது. தேவைப்படுவோர் எண்ணிக்கையைக் கருவியின் விலையால் பெருக்கி, நிர்வாகச் செலவுக்கு 10 சதவீதம் சேர்த்துக் கொடுத்தால் போதுமா?

போதாது. அந்தக் கணக்கு இரண்டு பக்கமும் தவறும். நாட்டில் தேவைப்படும் எல்லோரையும் முதல் ஆண்டிலேயே பெருக்கலில் போட்டால், தொகையைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடுவார்கள். தலைக்கு இவ்வளவு என்று கருவியின் விலையை மட்டும் வைத்தாலோ, மூன்றாம் ஆண்டில் பேட்டரி வாங்கவும் பழுது பார்க்கவும் பணம் இருக்காது. எத்தனை கருவி கொடுத்தோம் என்பதை விட்டுவிட்டு, ஒருவர் தன் கருவியை ஓர் ஆண்டு முழுக்கப் பயன்படுத்த என்ன ஆகும் என்பதை அடிப்படை அலகாக வையுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

முதலில் எண்ணிக்கை. இந்தியாவை எடுத்துக்கொண்டால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, அதாவது 2.21 சதவீதம். இந்த எண்ணை எடுத்துத் திட்டம் போட்டால் அடித்தளமே ஆட்டம் காணும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022-ல் வெளியிட்ட உலக அறிக்கையின்படி, ஏதாவது ஓர் உதவிக் கருவி தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கும் மேல். மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2.21 எங்கே, மூன்றில் ஒன்று எங்கே! அறுபத்தைந்து வயதில் காது மந்தமான தாத்தாவும், ஊசியில் நூல் கோர்க்க முடியாத பாட்டியும் தங்களை மாற்றுத்திறனாளி என்று சொல்லிக்கொள்வதில்லை, அடையாள அட்டைக்கும் விண்ணப்பிப்பதில்லை. ஆனால் கருவி கிடைக்கிறது என்று தெரிந்தால் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பகுதி இவர்கள்தான். எனவே சான்றிதழ் எண்ணிக்கையை வைத்துத் தேவையைக் கணக்கிடாதீர்கள். வீடு வீடாகப் போய்க் கேட்பதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் வடிவமைத்த விரைவு மதிப்பீட்டுக் கேள்வித்தாள் இருக்கிறது. சில மாவட்டங்களில் மட்டும் மாதிரிக்கு எடுத்தாலே வயது வாரியாக, கருவி வாரியாக ஒரு நம்பத்தக்க படம் கிடைக்கும்.

அப்படிக் கிடைக்கும் எண்ணையும் நேராகப் பட்ஜெட்டில் போடக் கூடாது. அது தேவை. ஓர் ஆண்டில் எத்தனை பேருக்குச் சேவை கொடுக்க முடியும் என்பதைத் தீர்மானிப்பது உங்களிடம் உள்ள ஆட்கள். இந்தியாவில் ஓர் ஆடியாலஜிஸ்ட் (கேள்திறன் நிபுணர்) உருவாக மூன்று ஆண்டு படிப்பும் ஓராண்டு பயிற்சியும் வேண்டும். செயற்கை உறுப்பு நிபுணருக்கு அதைவிடவும் கொஞ்சம் கூடுதல். இன்று பணம் ஒதுக்கினால் நாளைக்கே இவர்கள் முளைத்துவிட மாட்டார்கள். முதல் நான்கைந்து ஆண்டுகளுக்கான செலவு, இருக்கிற ஆட்களின் உழைப்பு நேரத்தை ஒட்டித்தான் ஏற வேண்டும். கல்லூரி இடங்களைக் கூட்டும் செலவும் முதல் ஆண்டிலிருந்தே அதே திட்டத்தில் இருக்க வேண்டும்.

இதைக் காதொலிக் கருவியை வைத்து நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் நாட்டு எண்களை அந்தந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு 1,000 பேருக்கு, ஆளுக்கு ஒரு கருவி. மொத்தக் கொள்முதல் விலை 5,000 ரூபாய். கருவியின் ஆயுள் ஐந்து ஆண்டு. முதல் ஆண்டில் கருவிக்கு 50 லட்சம். அப்புறம் பேட்டரி. ஒரு பேட்டரி சுமார் பத்துப் பன்னிரண்டு நாள் ஓடும், ஆக ஆண்டுக்கு 30. ஒன்று 30 ரூபாய் என்றால் ஆளுக்கு 900 ரூபாய், ஆயிரம் பேருக்கு 9 லட்சம். அடுத்தது ஆட்களின் நேரம். கேள்திறன் பரிசோதனை, காதுக்கு அளவெடுத்து, காதுத் துளைக்குள் பொருந்தும் மோல்டு செய்வது, கருவியைக் கணினியில் செட் செய்து பொருத்துவது, ஒரு மாதம் கழித்து மீண்டும் வரவழைத்துப் பார்ப்பது எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு இரண்டே முக்கால் மணி நேரம் என்று வைப்போம். விடுப்பு, பதிவேடு, கூட்டம் எல்லாம் போக ஓர் ஆடியாலஜிஸ்ட் நோயாளியோடு செலவிடும் நேரம் நாளைக்கு 5 மணி, ஆண்டுக்கு 220 நாள், ஆக 1,100 மணி. ஆயிரம் பேருக்கு 2,750 மணி தேவை, இரண்டரை ஆள். ஆண்டுச் சம்பளம் 6 லட்சம் என்றால் 15 லட்சம். முதல் ஆண்டு மொத்தம் 74 லட்சம்.

இப்போது ஆறாம் ஆண்டுக்குப் போவோம். அந்த ஆண்டும் புதிதாக ஆயிரம் பேர்தான். ஆனால் முதல் ஆண்டில் வாங்கியவர்களின் கருவி ஆயுள் முடிந்துவிட்டது, அவர்களுக்கும் புதுக் கருவி வேண்டும். கருவிக்கு மட்டும் 1 கோடி. பேட்டரி போடுவோர் 6,000 பேர், 54 லட்சம். புதியவர்களுக்கு 2,750 மணி, கருவி மாற்றுவோருக்கு ஒன்றரை மணி வீதம் 1,500 மணி, மற்ற நாலாயிரம் பேரை ஆண்டுக்கு ஒருமுறை அரை மணி நேரம் பார்க்க 2,000 மணி. ஆறு ஆளுக்குக் கொஞ்சம் குறைவு, 34 லட்சம். மொத்தம் 1 கோடியே 88 லட்சம். கருவி விலை ஏறவில்லை, சம்பளம் ஏறவில்லை, ஆண்டு இலக்கும் மாறவில்லை. ஆனாலும் செலவு இரண்டரை மடங்கு. இந்த வளைவை முதல் நாளே நிதித்துறைக்குக் காட்டிவிட வேண்டும். ஆறாம் ஆண்டில் திடீரென்று இந்தத் தொகையோடு போய் நின்றால், திட்டத்தில் கசிவு இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

இதில் சேர்க்காதவை இன்னும் உண்டு. மோல்டிலிருந்து கருவிக்குப் போகும் சின்ன பிளாஸ்டிக் குழாய் சில மாதங்களில் மஞ்சளித்து விறைத்துவிடும், மாற்ற வேண்டும். சின்னக் குழந்தையின் காது வளர வளர மோல்டு தளர்ந்து கருவி கீச்சிடும். ஆகவே முதல் சில ஆண்டுகளுக்கு மோல்டைச் சில மாதத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்ய வேண்டும். கடலோர ஊர்களில் வியர்வையும் ஈரமும் சேர்ந்து, ஒலி வெளிவரும் பாகமான ரிசீவரைச் சீக்கிரம் கெடுக்கும், அங்கே கருவியின் ஆயுளைக் குறைத்துப் போடுவது நல்லது. ரீசார்ஜ் செய்யும் கருவி வாங்கினால் பேட்டரிச் செலவு போய்விடும், ஆனால் கருவியின் விலை ஏறும், சார்ஜரும் மின்சாரமும் வேண்டும். மின்வெட்டு அதிகமுள்ள மாவட்டத்துக்கும் நகரத்துக்கும் ஒரே விடை பொருந்தாது.

மேலே போட்ட கணக்கில் ஒரு விஷயத்தை வேண்டுமென்றே விட்டிருந்தேன். வாங்கிய ஆயிரம் பேரும் தொடர்ந்து போடுவார்கள் என்று வைத்திருந்தேன். நடப்பில் ஒரு பகுதியினர் பெட்டியில் வைத்துவிடுவார்கள். அவர்கள் பேட்டரி கேட்க மாட்டார்கள், பரிசோதனைக்கு வர மாட்டார்கள், ஐந்து ஆண்டு கழித்துப் புதுக் கருவியும் கேட்க மாட்டார்கள். ஆக, சேவை மோசமாக இருந்தால் செலவு குறைவாகத் தெரியும். தலைக்கு ஆகும் செலவை 'கொடுத்த கருவி' என்ற எண்ணால் வகுக்காமல், ஓர் ஆண்டு முடிவில் பயன்படுத்திக்கொண்டிருப்போர் எண்ணால் வகுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். அப்படி வகுத்தால், மலிவாகத் தெரியும் முகாம் முறையின் உண்மை விலை வெளியே வரும். ஒரே நாளில் கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேருக்குக் கருவி கொடுத்துவிட்டுக் கிளம்பினால், கொடுத்த கருவிக்கு ஆன செலவு மிகக் குறைவு. கருவி ஊளையிட்டால், அதை வாங்கிப் போன அம்மா எங்கே போய்க் கேட்பார் என்பதற்குத்தான் பதில் இருக்காது. இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டம் 1981-ல் தொடங்கியது. கான்பூரில் உள்ள அரசு நிறுவனமான அலிம்கோ தயாரிக்கும் கருவிகள் அதன் வழியே முகாம்களில் லட்சக்கணக்கானோரை எட்டியிருக்கின்றன. தொலைதூர ஊர்களுக்கு முகாம் இல்லாமல் முடியாது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முகாமுக்கு ஒதுக்கும்போதே, அந்த மாவட்டத்தில் பழுது பார்க்கவும் அளவு சரிசெய்யவும் நிலையான ஓர் இடத்துக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும்.

மொத்தக் கொள்முதலில் விலை குறையும் என்பது உண்மை, சொல்லப்போனால் நாம் எதிர்பார்ப்பதைவிடவே குறையும். இங்கிலாந்தில் 2000 முதல் 2005 வரை அரசு மருத்துவச் சேவையில் பழைய அனலாக் காதொலிக் கருவிகளை விட்டு டிஜிட்டலுக்கு மாறினார்கள். முதலில் இருபது இடங்கள், பிறகு நாடு முழுவதும். தனியார் கடைகளில் ஆயிரம் இரண்டாயிரம் பவுண்டு சொன்ன காலத்தில், மையக் கொள்முதலால் அரசுக்கு ஒரு கருவி நூறு பவுண்டுக்கும் குறைவாகக் கிடைத்தது. கருவியின் விலை என்ற பிரச்சினை கிட்டத்தட்டத் தீர்ந்தது. அப்புறம் என்ன ஆனது? காத்திருப்புப் பட்டியல் நீண்டுகொண்டே போனது, 2007-ல் நாடாளுமன்றக் குழுவே அதை விசாரிக்க வேண்டியிருந்தது. புதிதாக வந்தவர்கள் மட்டுமல்ல, ஏற்கெனவே அனலாக் கருவி வைத்திருந்தவர்களும் டிஜிட்டல் கேட்டு வந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் மறுபரிசோதனை, மறுபொருத்தம். அதற்கு ஆடியாலஜிஸ்டுகள் போதவில்லை. நல்ல கருவி வந்தால் பழைய பயனாளிகளும் வரிசைக்கு வருவார்கள். உங்கள் மதிப்பீட்டில் இவர்களுக்கென்று தனிச் செலவுக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

விலை உயர்ந்த கருவிகளில் இந்தப் பிரச்சினை இன்னும் கடுமை. ஏடிஐபி திட்டத்தின் 2014 விதிகளில் ஒரு காக்ளியர் இம்பிளாண்டுக்கு (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) 6 லட்சம் ரூபாய் வரை வரம்பு வைத்தார்கள். கேரளம் 2012-லேயே சிறு குழந்தைகளுக்காக ஸ்ருதிதரங்கம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. உள்ளே வைக்கும் பகுதி பல்லாண்டு இருக்கும். ஆனால் காதுக்குப் பின்னால் மாட்டும், ஒலியை வாங்கி மாற்றித் தரும் பிராசஸரும், கேபிளும், தலையில் ஒட்டும் சுருளும் தேயும், உடையும், தொலையும். சில ஆண்டில் நிறுவனம் பழைய மாடலுக்கு உதிரிபாகம் தருவதையே நிறுத்திவிடும். அந்தக் கட்டத்தில் பெற்றோர் கையில் லட்சக்கணக்கில் பில் வந்து நின்றது, பிள்ளை மறுபடி நிசப்தத்துக்குப் போனது. பிறகு கேரளத்தில் பழுதுக்கும் மேம்படுத்தலுக்கும் த்வனி என்று தனித்திட்டம் கொண்டுவந்தார்கள். பேசக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஆறு மாதம் கேட்காமல் போவது, கணக்கில் எந்த வரியிலும் வராத இழப்பு. இம்பிளாண்டு வாங்கும் டெண்டரிலேயே பத்து ஆண்டுக்கு உதிரிபாக விலையையும் பிராசஸர் மாற்று விலையையும் கட்டிப்போட்டு, அந்த மொத்தத் தொகையை வைத்து நிறுவனங்களை ஒப்பிட வேண்டும். இம்பிளாண்டின் அன்றைய விலையை மட்டும் ஒப்பிட்டால் மலிவானது பிறகு மிகவும் விலை கூடும்.

சக்கர நாற்காலிக்கு வருவோம். ஆஸ்பத்திரி வராண்டாவுக்குச் செய்த மடக்கு நாற்காலியை எல்லோருக்கும் கொடுப்பதுதான் பல நாடுகளில் நடக்கிறது. அதன் முன்சக்கரம் சின்னது, கெட்டி ரப்பர். மண் ரோட்டில் புதையும், கல்லில் மோதினால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வளையும். தண்டுவடம் பாதித்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு அந்த ரெக்சின் இருக்கை நேரடி ஆபத்து, படுக்கைப் புண் வரும். ஆகவே அவருக்கு அழுத்தம் பரப்பும் குஷன் கட்டாயம், அந்த ஃபோம் குஷனும் ஓரிரு ஆண்டில் தட்டையாகி வேலைக்கு ஆகாது. குஷனைத் தனிப் பொருளாக, தனி ஆயுளோடு பட்டியலில் வையுங்கள். குஷனை விட்டுவிட்டு மிச்சம் பிடித்த தொகை, ஒரே ஒரு படுக்கைப் புண்ணுக்கு வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் செலவில் கரைந்துவிடும். அந்தச் செலவு வேறு துறையின் கணக்கில் விழுவதால் யாரும் கவனிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல்கள் சக்கர நாற்காலி வழங்கலைத் தேர்வு, பொருத்துதல், பயிற்சி, தொடர்கவனிப்பு என்று நான்கு படியாகச் சொல்கின்றன. ஒவ்வொரு படிக்கும் எத்தனை மணி, யாருடைய மணி என்று எழுதினாலே உங்கள் மனிதவளச் செலவு வந்துவிடும். பின்சக்கரத்துக்கு உள்ளூர் சைக்கிள் கடையில் கிடைக்கும் டயரும் டியூபும் பொருந்துமா என்பதையும் டெண்டர் விவரக்குறிப்பில் போடுங்கள். அந்த ஒரு வரி பழுதுச் செலவை எவ்வளவோ குறைக்கும்.

எல்லாவற்றுக்கும் நிபுணர் தேவையில்லை என்பது செலவைக் குறைக்க நேர்மையான வழி. ருவாண்டாவில் 2012-க்கும் 2017-க்கும் இடையில் சுகாதார அமைச்சகம் ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 2,700-க்கும் அதிகமான செவிலியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்து, நாட்டின் எல்லா ஆரம்ப சுகாதார மையங்களிலும் கண் பரிசோதனையும் எளிய கண்ணாடியும் கிடைக்கச் செய்தது. கண்ணாடி 1,000 பிராங்க், அதாவது சுமார் ஒன்றரை டாலர். மிக ஏழைகளுக்கு இலவசம். சிக்கலான கண்களை மேலே உள்ள மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். உங்கள் கருவிப் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: சுகாதாரப் பணியாளரே கொடுக்கக்கூடிய ஊன்றுகோல், படிக்கும் கண்ணாடி போன்றவை ஒரு குவியல். சில வாரப் பயிற்சி பெற்றவர் கொடுக்கக்கூடிய சாதாரண சக்கர நாற்காலி, எளிய காதொலிக் கருவி அடுத்தது. நிபுணர் மட்டுமே தொடக்கூடிய செயற்கைக் கால், குழந்தைகளின் காதொலிக் கருவி, உடம்பைத் தாங்கும் சிறப்பு இருக்கை கடைசி. முதல் குவியலில்தான் எண்ணிக்கை அதிகம், தலைக்குச் செலவு குறைவு. கடைசியில் எண்ணிக்கை குறைவு, ஆனால் ஆண்டாண்டுக்கும் தொடரும். மூன்றுக்கும் சேர்த்து ஒரு சராசரி போட்டால் அது எதற்கும் உதவாது.

பயனாளியின் சொந்தச் செலவையும் ஒரு பத்தியாக எழுதி வையுங்கள், அரசு தராவிட்டாலும். செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க ஒருமுறை, சரிபார்க்க ஒருமுறை, வாங்க ஒருமுறை, கூட ஒருவர், இருவருக்கும் கூலி போச்சு. மையம் தலைநகரில் மட்டும் இருந்தால் அரசின் கட்டடச் செலவு குறையும், ஆனால் பாதிப் பேர் இரண்டாம் முறை வர மாட்டார்கள். தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடனோடு 2022-ல் ஒப்புதல் பெற்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான 'உரிமைகள்' என்ற திட்டம், சேவை மையங்களை மாவட்டத் தலைநகரத்துக்கும் கீழே கொண்டுபோக முனைவது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். அப்படிப் பரவலாக வைத்தால் வாடகையும் ஆளும் கூடும். அதைப் பயனாளியின் பயணச் செலவோடு பக்கத்தில் வைத்துக் காட்டினால் தெளிவாகும்.

வரியைப் பற்றி ஒன்று. 'வரியே வேண்டாம் என்று கேட்டால் விலை குறையும்' என்று பலரும் எளிதாகச் சொல்வார்கள். இந்தியாவில் 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது சக்கர நாற்காலிக்கும் பிரெயில் கருவிகளுக்கும் 5 சதவீதம் போட்டதைக் கண்டித்துப் பலர் குரல் கொடுத்தார்கள், நியாயமான கோபம்தான். அதற்கு அரசு சொன்ன காரணமும் கவனிக்கத்தக்கது: முழு விலக்கு கொடுத்தால், உள்நாட்டுத் தயாரிப்பாளர் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது, அது விலையிலேயே தங்கிவிடும். உங்கள் நாட்டில் எது நடக்கும் என்று வரித்துறையிடம் கேட்டுவிட்டுக் கணக்கில் போடுங்கள். இறக்குமதிப் பொருளுக்குக் கப்பல், சுங்கம், கிடங்கு, நாணய மாற்று ஏற்ற இறக்கம் எல்லாம் விலைப்பட்டியலில் இருக்காது.

புதுப் பணம் கேட்பதற்கு முன்னால், ஏற்கெனவே யார் யார் செலவு செய்கிறார்கள் என்று கூட்டிப் பாருங்கள். சமூக நலம், சுகாதாரம், பள்ளிக் கல்வி, தொழிலாளர் காப்பீடு, ராணுவம், தொண்டு நிறுவனங்கள் என்று ஆளுக்கொரு பக்கம் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அதே நாற்காலியை மூன்று துறைகள் மூன்று விலைக்கு வாங்குவது அப்போதுதான் தெரியும். தொண்டு நிறுவனங்கள் இலவசமாகத் தருவதைப் பூஜ்யம் என்று போடாதீர்கள், சந்தை விலையைப் போடுங்கள். கம்போடியாவில் போருக்குப் பிறகு வெளிநாட்டு அமைப்புகள் நடத்திவந்த 11 மறுவாழ்வு மையங்களைப் படிப்படியாக அரசு ஏற்க வேண்டியிருந்தது. நன்கொடையாக வந்துகொண்டிருந்த உதிரிபாகம், சம்பளம் எல்லாம் அப்போது அரசுச் செலவாக மாறின. உங்களுக்கும் ஒருநாள் அது வரும்.

பலன் பற்றிக் கேட்பார்கள். உதவிக் கருவியில் போடும் ஒரு டாலருக்கு ஒன்பது டாலர் பலன் என்று ஏடிஸ்கேல் என்ற உலகக் கூட்டமைப்பு 2020-ல் சொன்ன கணக்கைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். நல்ல கணக்குதான், ஆனால் அந்த ஒன்பதில் பெரும்பகுதி குடும்பங்களின் வருமானத்தில் வருவது, கருவூலத்துக்கு வருவது அல்ல. நிதித்துறை அதிகாரி இதை உடனே பிடித்துக்கொள்வார். அதைவிட அவரைத் தொடுவது நேரடிச் சான்று. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய கொழுந்து பறிப்போருக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. கண்ணாடி போடாத குழுவைவிட அவர்கள் பறித்த அளவு 21.7 சதவீதம் கூடுதல். அன்றாட இலக்கைத் தாண்டிப் பறிக்கும் எடைக்குக் கூடுதல் கூலி உண்டு என்பதால் அது வீட்டு அடுப்பிலும் தெரியும்.

கடைசியாக, கோப்பை எப்படிக் கொடுப்பது. ஒரே தொகையாகக் கொடுக்காதீர்கள். ஆட்கள் இப்போதுள்ளபடியே இருந்தால் எத்தனை பேரை எட்டலாம், பயிற்சி இடங்களைக் கூட்டினால் எத்தனை, செவிலியர்களிடம் எளிய கருவிகளைக் கொடுத்தால் எத்தனை என்று மூன்று பாதைகளைப் பத்து ஆண்டுக்கு வரைந்து காட்டுங்கள். கணக்கை அதிகம் ஆட்டுபவை இரண்டே எண்கள்: ஆண்டு முடிவில் தொடர்ந்து பயன்படுத்துவோர் விகிதம், ஓர் ஆளுக்கு ஆகும் பணியாளர் நேரம். இவ்விரண்டையும் கூட்டியும் குறைத்தும் போட்டால் தொகை எங்கிருந்து எங்கே போகிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அதோடு ஒரு மாவட்டத்தைத் தேர்ந்து, அங்கே ஆறு மாதம் எத்தனை மணி ஆனது, எத்தனை கருவி பழுதுக்கு வந்தது, எத்தனை பேட்டரி போனது என்று பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பதிவேடு கைக்கு வந்ததும் முதல் மதிப்பீட்டைத் திருத்தி அனுப்புவோம் என்பதையும் முதல் கோப்பிலேயே சொல்லிவிடுங்கள். திருத்தம் வரும் என்று முன்பே தெரிந்தால் நிதித்துறை அதை ஏற்கும்.